குறுக்கி அறுத்த துப்பாக்கிகள்

சுவரைப் பார்த்து வைத்த துப்பாக்கி, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொம்மைக்காரர் அதைத் தன் ஞாபக மறதியின் தலையில்தான் முதலில் கட்டினார். அந்தத் தலை ஏற்கெனவே நிறைய சுமந்துகொண்டிருந்தது. நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியவர் அவர். மனைவியின் மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டு, இரண்டு நாள் முட்டி வலி குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர். குனிந்து, துப்பாக்கியைத் திரும்பவும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். வாய்ப்பக்கம் எப்போதும் சுவருக்கு. சினிமாவில் துப்பாக்கி பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அதுதான் முதல் விதி.

இத்தனை வருஷமாக அவர் கொடுத்ததெல்லாம் மரத்திலும் ரப்பரிலும் செய்தவை. அதனால்தான் யூனிட்டில் அந்தப் பெயர். திரையில் அவர் புண்ணியத்தில் செத்தவர்களைக் கூட்டினால் ஒரு சின்ன ஊர் தேறும். வீட்டில் பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறி நிற்பது அவர்தான், அடிப்பது மனைவி.

இந்தப் படம் ஓர் ஆயுத வியாபாரியைப் பற்றியது. நாளைக் காலை, கிடங்கின் தரை முழுக்கப் பரப்பிய துப்பாக்கிகளுக்கு நடுவே கதாநாயகன் நடந்து வரவேண்டும். அத்தனையையும் மரத்தில் செய்ய ஆகும் செலவைக் கேட்டுத் தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் சின்னவன் போனில் சொன்னான், நிஜத் துப்பாக்கியை வாடகைக்கு எடுப்பது அதைவிட மலிவு, தானே அனுப்பிவைக்கிறேன் என்று. உலகத்தில் மரத்துக்குத்தான் தட்டுப்பாடு, இதற்கு இல்லை என்று சொல்லிச் சிரித்தான். தயாரிப்பாளரும் சிரித்தார். தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று பொம்மைக்காரரும் சிரித்து வைத்தார்.

சின்னவன் அவர் மனைவியின் தம்பி. கல்யாணமாகி வந்தபோது அவள் கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது, இன்னொரு கையில் அவன் இருந்தான். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தோளில் தூக்கிப் போய்ப் பள்ளியில் விட்டது, காய்ச்சலில் விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் இவர்தான். பிறகு தங்களுக்கென்று ஒரு குழந்தை பிறக்காதது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவே இல்லை. இப்போது அவன் பெரிய காரில் போகிறான். ஏற்றுமதி செய்கிறான். என்ன ஏற்றுமதி என்று இவர்கள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நமக்கு அவன் ஒருத்தன்தானே, பத்திரமா பாத்துக்குங்க என்று இன்று காலையும் மனைவி சொல்லி அனுப்பினாள்.

வேலை முடிந்து யூனிட் கிளம்பிவிட்டது. மாலை வெளிச்சம் ஓட்டின் இடுக்குகள் வழியே சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பரப்பி வைத்ததைப் போனில் படமெடுத்துக்கொள்ள வருவதாகச் சின்னவன் சொல்லியிருந்ததால் அவர் மட்டும் காத்திருந்தார். சும்மா இருக்காமல், ஒவ்வொரு குழலுக்குள்ளும் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் காலி. சுடுவதற்கான ஊசியையும் காலையிலேயே கழற்றியிருந்தார்.

அப்போதுதான் அந்த வாசனை. மேலாக எண்ணெய் வாசனை, அதற்கு அடியில் ஈரமண், அதற்கும் அடியில், வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் தலையில் அடிக்குமே, அந்த வியர்வை வாசனை. அவர் மோந்து பழகிய வாசனை. துப்பாக்கியில் எப்படி வரும்?

ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். எட்டவில்லை. தம்பியின் சட்டையை அண்ணன் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. தோளில் அண்டக்கொடுக்கும் பின்கட்டையை யாரோ பாதியில் அறுத்து, முனையை வழவழப்பாகத் தேய்த்திருந்தார்கள். அடுத்ததை எடுத்தார். அதுவும் குட்டை. அடுத்ததும். ஒன்றில் தலைமுடி ரிப்பன் துண்டு கட்டியிருந்தது. ஒன்றில் மிட்டாய் உறையோடு வரும் முயல் படம் ஒட்டியிருந்தது, பாதி உரிந்துபோய்.

கட்டை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ அதில் சாய்த்த கன்னத்தை எடுத்ததுபோல.

போன் அடித்தது. பாலத்துப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறேன் என்றான் சின்னவன். அவர் முதுகுக்குப் பின்னால் சிமெண்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது, மெதுவாக, நீளமாக, ஒரு பெரிய கதவை யாரோ தூங்குகிறவர்கள் எழுந்துவிடாமல் திறப்பதுபோல. திரும்பினார். வரிசை மொத்தமும் பாலத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

வழி தப்பிவிட்டதாம், பின்பக்கமாகச் சுற்றி வருகிறானாம்.

மறுபடி அந்த உரசல். கிடங்குக்கு வெளியே கார் ஓடும் சத்தம் சுவரோரமாக நகர்ந்தது. அதன் கூடவே, ஒரு விரற்கடை முந்தாமல் பிந்தாமல், எல்லாக் குழல்களும் நகர்ந்தன.

“வராதடா,” என்றார். “ஷூட்டிங் கேன்சல். அப்படியே திரும்பிப் போயிடு.”

“என்ன மாமா, பேய்ப் படத்துக்கு மாறிட்டீங்களா? வாசல்லதான் நிக்கிறேன்.”

காரின் விளக்கை அணைக்காமல் உள்ளே வந்தான். வெளிச்சம் அவனுக்குப் பின்னாலிருந்து கிடங்கின் கடைசிச் சுவர் வரை பாய்ந்தது. அவன் நல்ல சட்டை போட்டிருந்தான், தலையை வாரியிருந்தான். பார்த்ததும் பொம்மைக்காரருக்கு வழக்கம்போல் நெஞ்சு இளகியது, அந்த நேரத்திலும். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் வாய் திறந்தார். வேறொன்று வந்தது.

“இதெல்லாம் ஏன்டா குட்டையா இருக்கு?”

“அதுவா? நீளமா இருந்தா சின்னப் பசங்களுக்குத் தோள்ல நிக்காது மாமா. அறுத்துக் குடுத்தேன். அதனாலதான் மத்தவங்களை விட்டுட்டு என்கிட்ட வாங்கினாங்க. சண்டை முடிஞ்சதும் இதெல்லாம் என்கிட்டயே திரும்பி வந்துடுச்சு.”

“பசங்களா?”

“பிடிக்கிறவன் வயசைக் கேட்டா வியாபாரம் பண்ண முடியுமா?” கீழே பார்க்காமல் போனைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். எனக்கு ஒரு மரத்துப்பாக்கியைச் சின்னதா அறுத்துக் குடுத்தீங்களே. கன்னத்துல உறுத்தக் கூடாதுன்னு தேச்சுத் தேச்சுக் குடுத்தீங்க.”

அது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்தது. தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தது. கொடுத்ததும் அவன் வீட்டைச் சுற்றி ஓடியது, இவர் செத்து விழுந்து காட்டியது. திரும்பத் திரும்பச் செத்துக் காட்டச் சொன்னான். செத்தார்.

உரசல் நின்றுவிட்டது. எல்லாக் குழலும் சின்னவனைப் பார்த்தன.

பிறகு தரையிலிருந்து எழுந்தன.

கை இல்லை. ஆள் இல்லை. இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றன. சில அதற்கும் கீழே.

பொம்மைக்காரர் நடுவில் போய் நின்றார். கையை விரித்தார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல், பார்வையைத் தாழ்த்தி, அந்த உயரத்திடம் பேசினார்.

“எங்க வீட்டுப் பிள்ளைப்பா. எங்களுக்கு இவன் ஒருத்தன்தான். விட்டுடுங்க.”

அவருடைய சுட்டுவிரலை ஏதோ பிடித்தது. சின்னக் கை. சொரசொரப்பான, சூடான கை. அவர் சொன்னதை யோசிப்பதுபோல் ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு இழுத்தது. முரட்டுத்தனம் இல்லை. தெருவைக் கடக்கத் தெரியாத ஒரு பெரியவரைக் கூட்டிப்போவதுபோல. சட்டை நுனியை இன்னொரு கை பிடித்தது. இன்னொன்று. நிற்கத்தான் நினைத்தார். அவர் கால்கள் நடந்தன.

சுவர்ப்பக்கம் கூட்டிப்போய், முகத்தைச் சுவருக்குத் திருப்பி நிறுத்தின. நல்ல பிள்ளைகள். பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கும்.

கார் விளக்கு எல்லாவற்றையும் சுவரில் நிழலாகப் போட்டிருந்தது.

நடுவில் ஓர் உயரமான நிழல். சுற்றிலும் சின்னச் சின்ன நிழல்கள், இப்போது தலையோடும் தோளோடும். உயரமான நிழல் முழங்காலில் விழுந்தது.

“மாமா.”

திரும்ப முடியவில்லை.

“மாமா.”

குரல் மெலிந்திருந்தது.

“மாமா.”

அது பெரிய காரில் போகிறவனின் குரல் இல்லை. தகரப்பெட்டியோடு வந்தவனின் குரல். காய்ச்சலில் முனகுமே, அது.

முழங்காலில் இருந்த நிழல் எழுந்தது. எழுந்து முழுசாக நின்ற பிறகும் மற்ற நிழல்களின் உயரம்தான் இருந்தது. சட்டை பாவாடைபோல் கால்வரை தொங்கியது. பக்கத்து நிழல் ஒன்று குனிந்து, தரையிலிருந்து நீளமாக எதையோ எடுத்து அதன் தோளில் சாத்தியது.

அது பாரம் தாங்காமல் ஒருமுறை தள்ளாடியது. பிறகு நேராக நின்று, மற்றவர்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டது.