வீட்டு வண்டிக்கு இளைப்பு

பக்கத்துல வந்து உக்காருங்க கண்ணுகளா, சாரல் அடிக்குது, கதவைச் சாத்திக்கோங்க. ராஜபாளையத்து மெக்கானிக் பொன்னுராஜ் கதையைச் சொல்லுறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் முதலில் கவனித்தது வாடையைத்தான். ஷெட்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்த சொந்தக் காருக்குள்ளிருந்து, பெட்ரோல் வாடைக்கும் ஈரமண் வாடைக்கும் நடுவே, தைலம் மணத்தது. அவர் மனைவி வேலுத்தாய் இளைப்புக்கு நெஞ்சில் தேய்க்கிற தைலம். அவள் போய்ப் பதினாறு நாளாகிறது.

"ஊரு வண்டியெல்லாம் பாக்குறீய. வீட்டு வண்டி சிக்னல்ல நின்னா நடுங்குது, என்னய மாதிரியே இளைக்குதுன்னு எத்தன தடவ சொல்ல?" என்று மூன்று மாதமாகக் கேட்டாள்.

"ஒனக்குத் தேய்க்கிற தைலத்த அதுக்கும் தேச்சு விடு, போ," என்று சிரித்தார். ஊரார் வண்டிக்கு மொதக் கை, வீட்டு வண்டிக்குக் கடைசிக் கை. அவர் பழக்கம் அது.

அவளுக்கு மூச்சு முட்டிய அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மூடிய ரயில்வே கேட்டில் வண்டி நடுங்கி நடுங்கி அணைந்தது. சாவியைத் திருப்பினார், திருப்பினார். பின்சீட்டில் இளைப்பு நின்றுபோனது.

இப்போது வீட்டுக்குள் மகள் நாகஜோதிக்குப் பிரசவ வலி. மழைக்கு ஒரு ஆட்டோவும் இல்லை.

புது பிளக் மாட்டியும் நடுக்கம் தீரவில்லை. ரெண்டு இழுப்பு, ஒரு திணறல். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயில் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றியும் சத்தம் மாறாவிட்டால் கோளாறு அதில்தான். முதலாவது. மாறவில்லை. அப்பாடா என்றிருந்தது. சந்தேகத்துக்கு இரண்டாவது. மாறவில்லை.

மூன்றாவது.

நான்காவது.

நாலும் கழன்று தொங்கின. அப்பவும் எஞ்சின் ஓடியது.

சாவியை உருவினார். ஓடியது. ரெண்டு இழுப்பு, ஒரு திணறல். ஆளில்லாத பின்சீட்டுக் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

"அப்பா, தாங்கல. போவமா?"

திரும்புவதற்குள் மகள் பின்கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"ஏட்டி, எறங்கு!"

கதவு சாத்திக்கொண்டது.

நடுக்கம் நின்றது. புது வண்டி மாதிரி எஞ்சின் சீராக ஓடியது. சாவி அவர் கையில்.

ரெண்டு இழுப்பு. ஒரு திணறல்.

இப்போது அது மகளின் தொண்டையிலிருந்து வந்தது.

நல்லா இருங்க மக்கா. உங்க வீட்டுல ஒருத்தர் சொல்லுற குறை மொதத் தடவையே இன்னொருத்தர் காதுல விழட்டும். பிள்ளைகுட்டிக மூச்சு சீரா ஓடட்டும்.