இடது பக்கம் திரும்பும்போது மட்டும்

"என்ஜினுக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

கைகளைப் பழந்துணியில் துடைத்தபடி அந்த மெக்கானிக் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது.

அண்ணன் நடத்தும் சிறிய கம்பெனிக்காக ஊர் ஊராக மருந்துப் பெட்டிகள் கொண்டுபோகிற பைலட் அவள். இன்று நடுவானில், மழைக்குள், என்ஜின் ஒரு நொடி உதறியது. தடுக்கி விழப்போன ஆள் சட்டென்று சமாளித்துக்கொள்வதுபோல மறு நொடியே சரியானது. இது மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவையும் சொந்த ஊர் மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் வழியில் தெரிந்த இந்தச் சின்ன விமான தளத்தில் இறங்கினாள். இருந்தவன் இவன் ஒருவன்தான்.

அவனும் குறை வைக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான். முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தான். பாழாய்ப்போன என்ஜின் சமத்துப் பிள்ளையாக ஓடியது...

"ஒரு நொடிதான்... ஆனா நிஜமா உதறிச்சு."

"மழையில தனியா வந்திருக்கீங்க. அந்த நேரத்துல மனசு கொஞ்சம்..."

"மனசு உதறினா எனக்குத் தெரியும். என்ஜின் உதறினாலும் தெரியும். வித்தியாசம் தெரியாமலா ஓட்டிட்டிருக்கேன்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை இருட்டிலும் மினுங்குகிற கண்கள் அவனுக்கு... இமையோரம் ஒரு மழைத்துளி. 'இவ்வளவு அழகான கண்ணை வச்சுக்கிட்டு இப்படியா பேசுறது' என்று நினைத்தவள், அதைக் கவனித்ததற்காகத் தன் மீதே எரிச்சல்பட்டாள்.

செல்போன் அடித்தது. அண்ணன். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மெக்கானிக் என்ன சொல்றாரு?"

"...ஒண்ணும் இல்லையாம்."

"பாப்பா, பயமா இருந்தா சொல்லிடு. தப்பே இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து வேற பைலட்டைப் போட்டுடறேன். நீ ஆபீஸைப் பாத்துக்கோ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் கனிவுதான் குத்தியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தாள். அது கலங்கலாகத் தெரிந்தது.

பின்னால் அவன் குரல். "மழை விட்டதும் ஒரு சுத்து போலாமா? நானும் வர்றேன்."

"ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

"தரையில இல்லைன்னேன். மேல என்னன்னு நான் பாக்கலையே."

மழை விட்டது. ஏதாவது ஆனாலும் உடனே இறங்கிவிட வசதியாக ரன்வேக்கு மேலேயே வட்டமடித்தாள். பக்கத்தில் அவன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"பயமா இருக்கா?"

"தரையில பொழப்பு நடத்துறவன்ங்க நான். என்னைப் பாக்காம முன்னாடி பாத்து ஓட்டுங்க."

"நான் எங்க உங்களைப் பாத்தேன்?"

"அப்போ நான்தான் பாத்தேன் போல..."

கன்னம் சூடானது அவளுக்கு. நல்லவேளை, ஹெட்போன் பாதியை மறைத்தது.

நேராகப் பறந்தார்கள். ஒன்றுமில்லை. வலப்பக்கம் திரும்பினார்கள். ஒன்றுமில்லை.

"அந்த மூணு தடவையும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? நிதானமா யோசிங்க."

முதல் தடவை இறங்கத் திரும்பியபோது... அடுத்தது ஒரு மலையை விலக்கியபோது... இன்று கருமேகத்தை விட்டு ஒதுங்கியபோது...

"திரும்பிட்டிருந்தேன். மூணு தடவையும் இடது பக்கம்... நல்லா ஒடிச்சு."

"ஒடிங்க."

ஒடித்தாள். விமானமே ஒரு நொடி உதறியது. அவன் கை தானாக வந்து அவள் தோளைப் பற்றியது. பிறகுதான் அவனுக்கே தெரிந்து வெடுக்கென்று விலகியது.

"கேட்டுச்சா?" என்றாள் அவள்.

"கேட்டுச்சுங்க. நல்லாவே கேட்டுச்சு."

இத்தனை நாளாக யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை.

இறங்கியதும் டார்ச்சுடன் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். "திருப்புங்க... இன்னும் இடது... அதான்." உள்ளே ஓர் ஒயரின் மேலுறை உரசி உரசித் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் பின்னாலிருக்கும் இரும்புத் தண்டு அதைத் தொட்டது.

"என்ஜினுக்குத் தீப்பொறி ரெண்டு செட். இது இரும்புல பட்டா ஒரு செட் அணைஞ்சிடும். விலகினா மறுபடி வந்துடும். நாங்க எல்லாரும் என்ஜினையே நோண்டிட்டு இருந்திருக்கோம்."

ஒயரை மாற்றி, தண்டு தொடாதபடி ஒதுக்கிக் கட்டினான். பிறகு கேட்டான்: "உங்க அண்ணன்கிட்ட நான் பேசலாமா?"

பேசினான். "கோளாறு இருந்தது நிஜம் சார். உங்க தங்கச்சி சொன்னது சரி. தப்பா சொன்னது நான்."

அண்ணன் போனைத் தங்கையிடம் கொடுக்கச் சொன்னார். "பாப்பா... நானும்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்றார். "பத்திரமா வா. அடுத்த வாரமும் நீதான் ஓட்டுற."

சாயங்கால வெளிச்சத்தில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"ஒண்ணு சொல்லணும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. பாத்து அரை நாள்கூட ஆகலை, அவசரம்தான். ஆனா நீங்க பறந்து போயிடுவீங்க. பதில் இப்பவே வேணாம்."

அவள் என்ஜினைக் கிளப்பினாள். அவன் முகம் வாடுவதைப் பார்த்ததும் சின்ன ஜன்னலைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. பஸ் பிடிச்சு வர்றேன். அன்னிக்குக் கையில கிரீஸ் கிரீஸ்னு நிக்காதீங்க."

"ஏங்க?"

"எனக்கும் பிடிச்சிருக்குன்னு சொல்லும்போது... அந்தக் கையைப் பிடிச்சுக்கணும்."

ஜன்னலைச் சாத்திவிட்டு நகர்ந்தாள். ரன்வேயின் பாதி தூரம் போன பிறகுதான் அவனுக்கு விளங்கியது போலும்... குட்டைத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க அவன் ஓடி வருவது அவள் கண்ணில் பட்டது.