குழந்தைக்கு உள்ள அளவு

தண்ணீருக்குள் எலும்பு தெரியக் கூடாது.

தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை நோயாளி படுக்கும் மேசையில் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பது ஸ்கேன் அக்காவின் வேலை. படம் முழுக்க ஒரே சாம்பலாக வந்தால் இயந்திரம் நலம். இன்று சாம்பலுக்கு நடுவே மெல்லிசாக ஆறு வளைகோடுகள், பக்கத்துக்கு மூன்றாக, விலா எலும்பு போல. மறுபடி எடுத்தாள். எட்டு.

"கிழட்டு மிஷினே, உனக்கும் கண்ணு போயிடுச்சா?" என்று செல்லமாகத் திட்டிவிட்டு உருளையை எடுத்து வைத்தாள். திரையை மட்டும் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

போன வியாழக்கிழமை, பீப்பாய் மாதிரி ஒரு பெரியவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்த கையோடு, மாடிப்படியில் உருண்டு விழுந்த நாலு வயதுப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள். "அக்கா, இன்னும் முடியலையா?" என்று குழந்தை வீறிட்டது, வெளியே வரிசை முணுமுணுத்தது. கதிர்வீச்சைக் குழந்தைக்குத் தக்கபடி குறைக்க மறந்து பொத்தானை அழுத்திவிட்டாள். அப்பனுக்குத் தைத்த சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிய கதை. திரையில் வந்த அளவு, இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. டாக்டர் கண்ணில் படும் முன் அந்தப் பதிவை அழித்தாள். யாருக்கும் தெரியாது.

காலை முழுவதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலே இல்லாத அந்த அறையில், இயந்திரம் ஓய்ந்த பிறகும் அதன் வளையத்துக்குள் ஏதோ சுற்றிக்கொண்டே இருப்பது போல ஒரு முனகல் கேட்டது. சூடான தூசியின் வாசனையோடு குழந்தைப் பவுடர் வாசனையும் கலந்து வந்தது. மேசையைத் துடைக்கும்போதெல்லாம் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பதினொரு மணிக்கு டாக்டர் போன் செய்தார்.

"வியாழக்கிழமை வந்த பாப்பாவுக்குத் திரும்பவும் வயித்து வலிம்மா. அன்னைக்கு எவ்வளவு டோஸ் போச்சு? அதிகம்னா இன்னொரு ஸ்கேன் வேண்டாம், அல்ட்ராசவுண்டுலயே பாத்துக்கலாம்."

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிஞ்சு மறுபடி வளையத்துக்குள் போகும். அவள் உட்காரும் இடத்துக்கும் மிஷினுக்கும் நடுவே இருந்த கண்ணாடிக்கு அப்பால், காலி மேசையின் விரிப்பு மெல்ல அமுங்கியது. யாரோ ஏறிப் படுப்பது போல.

"கம்மிதான் டாக்டர். குழந்தைக்கு உள்ள அளவுதான்."

அரை மணியில் குழந்தையோடு அம்மா வந்தாள். இந்த முறை ஸ்கேன் அக்கா அளவை மூன்று தரம் சரிபார்த்தாள். குழந்தை அழவே இல்லை. படம் சுத்தமாக வந்தது.

"நல்லா பாத்துக்கிட்டீங்க அக்கா," என்றாள் அம்மா. "பாப்பா, அக்காவுக்கு டாட்டா சொல்லு."

குழந்தை அவள் பக்கம் திரும்பவில்லை. மேசையைப் பார்த்துக் கையை ஆட்டியது.

கதவு மூடியது. கதவுக்கு மேலே, கதிர் பாயும்போது மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு அணையவில்லை.

மேசை நகர்ந்தது. தானாக. வளையத்துக்குள்.

சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். நிற்கவில்லை. மறுபடி குத்தினாள். திரையில் அளவு ஏறியது. குழந்தைக்கு உள்ள அளவு. இரண்டு மடங்கு. மூன்று.

படம் வரி வரியாக இறங்கியது. சின்னப் பாதங்கள். முழங்கால். இடுப்பு. விலா.

"யாரு?" மைக் பொத்தானை அழுத்திக் கேட்டாள். "யாரு அங்க?"

ஒலிபெருக்கி கரகரத்தது. வியாழக்கிழமை வீறிட்ட அதே குழந்தைக் குரல், இப்போது பொறுமையாக:

"அக்கா, இன்னும் முடியலையா?"

கடைசி வரிகள் திரையில் விழுந்தன. படுத்திருக்கும் மண்டை ஓடு கூரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அளவு ஏறிக்கொண்டே இருந்தது.