முதல் பதிவு

அன்று காலை மாமி ஒரு சுண்டு அரிசி குறைவாகப் போட்டாள்.

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற றஞ்சிதா அதைக் கண்டுவிட்டாள். பல மாதமாகத் தன்னாமுனையில் அந்த வீட்டில் மூன்று பேருக்கு நான்கு பேரின் சோறு ஆகிறது. அவள், அவளுடைய நாலு வயது மகள் கம்சாயினி, மாமி அன்னப்பூரணி. நாலாவது பங்கு மாமியின் மகன், றஞ்சிதாவின் கணவன் கேதீசனுக்கு. சுனாமி வீட்டுத்திட்டத்துக்குச் சீமெந்து ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போன லொறிச் சாரதி அவன். இரண்டாயிரத்து ஆறில் பாதை மூடியதோடு அங்கேயே அகப்பட்டான். கடைசிக் கடிதம் இந்த வருடம் தையில் வந்தது. வைகாசியில் சண்டை முடிந்தது. இப்போது கார்த்திகை, மழையும் தொடங்கிவிட்டது. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட மாமிக்கு அந்த அளவு தப்பியதில்லை.

அவருக்குப் போடவில்லையா என்று றஞ்சிதா கேட்டாள். மாமி அடுப்பை ஊதியபடி, திரும்பாமலே, "ஆருக்கு மகள்?" என்றாள்.

அந்தக் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பெற்றவளே கைவிட்டுவிட்டாளே என்று றஞ்சிதாவுக்கு ஆத்திரம் வந்தது, மனுசிக்கு இப்படியாவது ஒரு நிம்மதி கிடைத்ததே என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது. பிள்ளைக்குத் தலை இழுத்துக் கட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் வேலை செய்த நிறுவனம் மட்டக்களப்பு நகரில் வாவியோரத்து வாடகை வீடொன்றில் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்தில், கடல் கொண்டுபோனவர்களைக் கணினியில் பதிவதற்காக வெளிநாட்டிலிருந்து யாரோ வந்து தொடங்கிவைத்தது. வந்தவர் ஒரு மென்பொருளை எழுதினார், எல்லோரோடும் நின்று படம் எடுத்தார், போய்விட்டார். சண்டை முடிந்த பிறகு, கடலில் போனவர்களுக்காகச் செய்த அதே படிவத்தில் நிலத்தில் தொலைந்தவர்களையும் பதியச் சொன்னார்கள்.

அந்த அலுவலகத்தில் மனிதர்களைவிடக் கணினிகளுக்குத்தான் பக்தி அதிகம் என்று வெளியார் கேலி செய்வார்கள். பின்னறையில் நின்ற, பதிவெல்லாம் போய்ச் சேரும் பெரிய சேவர் பெட்டிக்கு மூன்று குறி திருநீறு. செவ்வாயும் வெள்ளியும் செவ்வரத்தம்பூ. மின்சாரம் போனால் கீச்சிடும் யுபிஎஸ்ஸின் மேல் ஓர் எலுமிச்சம்பழம். பூவை ஏறெடுத்தும் பார்க்காத ஏறாவூர் கைறுன்னிஸா, தன்னுடைய திரையின் ஓரத்தில் துஆ எழுதிய துண்டொன்றை ஒட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒரு விசையையும் தொடமாட்டாள். "இண்டைக்கு நல்லா ஓடுது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் முதல் கிழமை சிரித்தார்கள், மூன்றாம் கிழமை பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். தூசிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் விளையாட்டு. முதல் பதிவு மட்டும் விளையாட்டில்லை.

காலையில் சேவரைப் போட்டபின் முதலில் எந்தப் பதிவைச் சேமித்தாலும் அது பின்னேரத்துக்குள் காணாமல் போய்விடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எழுதியவர் போன இடமும் தெரியாது. அதனால் சேவரைப் பார்த்துக்கொள்ளும் வல்லிபுரம் ஐயா ஒரு வழக்கம் வைத்திருந்தார். தினமும் எட்டரைக்குத் தானே வந்து உட்கார்ந்து, பெயர்க் கட்டத்தில் 'அஅஅ' என்று அடித்து, மரணம் என்று குறித்து, சேமிப்பார். அதன் பிறகுதான் மற்றவர்கள் கைவைக்கலாம். "இதுக்கு முதல் கவளம்" என்பார். மனிதப் பெயர் மட்டும் போடவே கூடாது என்பது அவருடைய சட்டம். அதற்குக் காரணம் கேட்டால் கதையை மாற்றிவிடுவார்.

போன கிழமை திட்ட அதிகாரி வினாயகமூர்த்தி கொழும்புக் கூட்டம் முடிந்து வந்தபோது படிவம் சுருங்கியிருந்தது. முன்பு மூன்று தெரிவுகள் இருந்தன: உயிருடன், மரணம், காணவில்லை. மூன்றாவதை எடுத்துவிட்டார்கள். காணவில்லை என்பது ஒரு நிலைமையே இல்லையாம், ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் மேலே கேட்கிறார்களாம். ஆறு மாதமாகத் தகவல் இல்லாதவர்களை மரணம் என்று போட்டு மார்கழிக்குள் பட்டியலை முடிக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். றஞ்சிதாவுக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போல் இருந்தது.

கேதீசனின் படிவம் அவள் பதியவேண்டிய தாள்கட்டுக்குள்ளேயே வந்தது. ஆனியில் அவளே நிரப்பிய படிவம். கிழித்தெறிய முடியாது, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. மரணம் என்று குறிக்க அவளுக்குக் கை வராது. உயிருடன் என்று குறித்தால் மேலே விசாரிப்பார்கள், பொய் என்று திருத்திவிடுவார்கள். இரண்டு இரவு கூரையைப் பார்த்துக் கிடந்த பிறகு அவளுக்கு வழி தெரிந்தது. முதல் பதிவாகக் கொடுத்துவிட்டால், படிவத்தில் 'பதியப்பட்டது' என்று முத்திரை விழும், பட்டியலில் பெயர் இருக்காது. இல்லாத பெயரை யாரும் மரணம் என்று மாற்ற முடியாது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்து, வல்லிபுரம் ஐயா வருமுன் சேவரைப் போட்டாள். கேதீசன் என்று அடித்தாள். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, தன்னாமுனை முகவரி. உயிருடன் என்று குறித்துச் சேமித்தாள். பின்னறையில் மின்விசிறியின் இரைச்சல் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு முன்போல் ஓடியது. பின்னேரம் தேடிப் பார்த்தாள். பெயர் இல்லை. அன்றைக்கு அவள் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து சந்தோசத்தில் அழுதாள்.

இது நடந்து இன்று மூன்றாம் நாள்.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வாவியின் சேற்று மணம் அறைகளுக்குள் ஏறியிருந்தது. மழை இருட்டில் பத்து மணிக்கும் விளக்கு எரிந்தது. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு அடியில், சுவருக்கு அப்பால், சேவர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. காலையில் மாமி கேட்ட கேள்வி றஞ்சிதாவின் காதை விட்டுப் போகவில்லை. மனம் பொறுக்காமல் அலுமாரியைத் திறந்து பழைய படிவக் கட்டை எடுத்தாள். கேதீசனின் படிவம் இருந்தது, முத்திரையும் இருந்தது. அவள் நீலப் பேனையால் எழுதியது மட்டும் இல்லை. பெயர்க் கட்டம் வெறுமை, திகதிக் கட்டம் வெறுமை. ஈரம் பட்டிருக்கும் என்று தடவிப் பார்த்தாள். தாள் உலர்ந்து மொரமொரவென்று இருந்தது. அதற்கு மேலும் கீழும் இருந்த படிவங்களில் எழுத்து அப்படியே கிடந்தது.

கைப்பையில் ஒரு படம் வைத்திருந்தாள், கலியாணம் முடித்த கிழமை ஸ்டூடியோவில் பிடித்தது. எடுத்து விளக்கடியில் பிடித்தாள். அதில் அவள் தனியாக நின்றாள். நீலத் திரைக்கு முன்னால், யார் தோளிலோ சாய்ந்தவள் போல ஒரு பக்கம் சரிந்து, விழாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னறைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. செருப்போடு போய் நின்றாள். வல்லிபுரம் ஐயா அவளுடைய காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கதிரையை இழுத்துப் போட்டார். ஐம்பத்தெட்டு வயது, தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. முதல் பதிவில் மனிதப் பெயர் போட்டால் என்ன ஆகும் என்று அவள் நேராகவே கேட்டாள்.

அவர் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். தொடங்கிய காலத்தில் இந்தக் கோளாறு தெரியாது. நாற்பத்தொரு நாள் நாற்பத்தொரு உண்மைப் பெயர்கள் போயின. பதிவிலக்கங்களில் விட்டுவிட்டு இடைவெளி இருந்ததால்தான் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

"பிழையெண்டு தெரிஞ்ச உடன, ஆக்கள் தேடி வருவாங்க, திருப்பிப் பதிவம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன் புள்ள. ஒருத்தரும் வரல்ல. நாப்பத்தொரு பேருக்கு அழ ஒரு சனம் இல்ல. குடும்பத்தோட கடல் கொண்டுபோயிரிக்கும் எண்டு நினைச்சன்."

மழை இரைந்தது. அவர் தன்னுடைய கைகளைப் பார்த்தார்.

"நான் கலியாணம் முடிக்காதவன், ஒனக்குத் தெரியும். என்ட வீட்டுப் பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பிள்ளைட சட்டை கிடக்கு. ஆருட எண்டு தெரியா. எடுத்து எறியவும் மனம் வருகுதில்ல."

அந்தச் சட்டை யாருடையது, அந்த நாற்பத்தொரு பெயரில் யார் யார் இருந்திருப்பார்கள் என்று றஞ்சிதாவுக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை. இனியும் புரியாது. போனதைத் திருப்பி எடுக்க வழியில்லையா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். யாருடைய பெயரைக் கொடுத்தாய் என்றார். என்ட புருசன்ட, என்றாள்.

வல்லிபுரம் ஐயா அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"ஒனக்கு எங்க புள்ள கலியாணம் நடந்த?"

அவள் கழுத்தைத் தொட்டாள். தாலிக்கொடி இருந்தது. விரல்கள் அதன் வழியே இறங்கின. மற்றப் பக்கமாக ஏறின. வழியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தாலி இல்லை.

தன்னுடைய கதிரைக்கு ஓடிப்போய் அவனைத் திரும்பப் பதிந்தாள். சேமித்தாள். திரையில் படிவம் வெறுமையாக நின்றது. மறுபடி அடித்தாள். அப்படியொரு அடையாள அட்டை இலக்கம் இல்லை என்றது திரை. பக்கத்தில் இருந்த கைறுன்னிஸா எட்டிப் பார்த்து, ஆர் இந்த ஆள், ஒனக்குச் சொந்தமா என்று கேட்டாள். இந்த வேலைக்கு முன்பே சிநேகிதியாக இருந்து, அவர்களுடைய கலியாணத்துக்கு வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து தந்தவள் அவள்.

அப்போதுதான் றஞ்சிதாவுக்கு உறைத்தது. அவனிடமிருந்து வந்தது எதுவும் மிஞ்சுவதில்லை. தாலி அவன் கட்டியது.

பிள்ளை.

குடையை எடுக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மழைக்குள் ஓடி, தன்னாமுனை வழியாக ஏறாவூர்ப் பக்கம் போகும் பஸ்ஸைக் கைகாட்டி மறித்து ஏறினாள். பஸ் ஊர்ந்தது. கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டுப் புகார் மூடியிருந்தது. வாவி எது, வீதி எது என்று தெரியவில்லை. காலையில் மூன்று சுண்டு அரிசி போட்டாளே மாமி, மூன்றாவது பிள்ளைக்குத்தானே, காலையில் பிள்ளை இருந்தாளே, தலை கட்டிவிட்டேனே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன பின்னல் போட்டோம் என்று யோசித்தாள். இரட்டைப் பின்னல். நினைவிருந்தது. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர். படலை திறந்து கிடந்தது. விறாந்தையில் மாமி காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியின் முகத்தில் அவ்வளவு அமைதியை அவள் ஒருநாளும் கண்டதில்லை. பத்து வயது குறைந்துவிட்ட முகம்.

"நனைஞ்சிட்டாய் புள்ள. ஒன்ட வாடகை அறைக்குள்ளயும் ஒழுகுது போல, பாத்துக்கொள்."

கம்சாயினி எங்கே என்று கேட்டாள். மாமி விளங்காமல் பார்த்தாள். பிறகு, கையில் சோற்றோடு, உள்ளறைப் பக்கம் நாடியைக் காட்டினாள்.

"அங்க ஒரு பிள்ளை நிக்கிது. ஆருட எண்டு தெரியல்ல. நீ போன தொட்டு ஒரே அழுகை. இப்பதான் சத்தம் அடங்கின."

உள்ளறை இருட்டு. ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. சுவரைப் பார்த்தபடி நின்றாள் கம்சாயினி. மஞ்சள் சட்டை. இரட்டைப் பின்னல். காலையில் அவள் கட்டிய அதே ரிபன். றஞ்சிதாவுக்கு உயிர் திரும்பி வந்தது. நிலத்தில் முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மகள். அம்மா வந்திட்டன். இங்க பாருங்க."

ஊரில் எல்லோரும் சொல்வார்கள், பிள்ளைக்குத் தலைமயிரும் விரலும்தான் தாயுடையது, முகம் அப்படியே தகப்பன் என்று.

பிள்ளை திரும்பினாள்.

சின்ன விரல்கள் காற்றைத் துழாவிக்கொண்டு வந்தன. அவளுடைய தோளைத் தொட்டன. கழுத்தைத் தொட்டன. கன்னத்தைப் பிடித்தன. நெற்றியிலிருந்து நாடி வரை ஒரே தோல். யன்னல் வெளிச்சம் அதில் வழுக்கியது. கண் இருந்த இடத்தில் குழிகூட இல்லை. கீழே, வாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அந்தத் தோல் உள்ளே போய் வெளியே வந்தது, உள்ளே போய் வெளியே வந்தது. பிள்ளை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.