இடது பக்கப் பின்சீட்

பின்சீட்டில் இடது பக்கம் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கார் சொன்னது.

வாய் திறந்து சொல்லவில்லை. டிங், டிங் என்று மணி அடித்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் சிவப்பாக ஒரு குட்டி மனிதனைக் காட்டியது. லீனா அப்போதுதான் கோல்ஸ் ரோட்டின் மழைக்குள் வண்டியை நுழைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நேர் பின்னால், வலது பக்க சீட்டில், அவள் நாய் டாஃபி. மார்பில் பட்டி, பட்டியிலிருந்து ஒரு குட்டை வார், வாரின் நுனி சீட் பெல்ட் பூட்டுக்குள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது பக்கம் டாஃபியின் தீனிப் பை மட்டும் கிடந்தது.

"பைக்கும் பெல்ட் போடணுமாம், பாத்தியாடா?" என்றாள்.

டாஃபி அவளைப் பார்க்கவில்லை. இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தீனி இருக்கிற பக்கத்தை நாய் பார்க்கத்தானே செய்யும். சிக்னலில் நின்றபோது லீனா பையை எட்டி எடுத்து முன்சீட்டின் கீழே வைத்தாள். மணி நின்றது. ஆனால் டாஃபியின் பார்வை பையோடு முன்னால் வரவில்லை.

லீனா பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு விவேக் நகரில்; பேச்சுத் துணைக்கு டாஃபி மட்டும். குட்டியாக இருந்தபோது ஆட்டோக்காரர் ஒருவர் போட்ட திடீர் பிரேக்கில் அவள் மடியிலிருந்து பறந்துபோய்க் கம்பியில் மோதி அதற்கு முன்கால் ஒடிந்தது. மழை நாளில் இன்றும் அந்தக் காலைத் தரையில் ஊன்றாது. அன்றிலிருந்து லீனா சூடு கண்ட பூனை. இந்தப் பழைய காரைப் போன மாதம் வாங்கியதே டாஃபிக்காகத்தான். காதுப் புண்ணைக் காட்ட டாக்டரிடம் போன இன்றுதான் அதற்கு இந்தக் காரில் முதல் பயணம். போகும்போது முன்சீட்டின் கீழே படுக்க வைத்துக் கூட்டிப் போனாள். அதற்கே டாக்டரின் உதவியாளர் சுனிதா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள்.

"கீழ படுக்க வெச்சீங்கன்னா பிரேக் போட்டா மூஞ்சிதான் மொதல்ல போகும் மேடம். மடியில வேணவே வேணாம். பின் சீட்டு, மார்புப் பட்டி, பட்டில இருந்து பெல்ட்டு. கழுத்துப் பட்டைல மட்டும் மாட்டிராதீங்க, கழுத்து ஒடிஞ்சிரும்."

வாரைக் கொண்டுவந்து கொடுத்து, லீனா அதைக் காரில் மாட்டும்போது கூட நின்றதும் சுனிதாதான். அப்போதுதான் இடது பக்கப் பூட்டில் ஒரு பொய் க்ளிப் செருகியிருந்ததை இருவரும் பார்த்தார்கள். பெல்ட்டே இல்லாத வெறும் இரும்பு நாக்கு. பெங்களூரில் எத்தனையோ கார்களில் இது உண்டு. பெல்ட் போடவும் சோம்பல், மணிச் சத்தமும் ஆகாது, அதனால் காரையே ஏமாற்றுகிற வேலை. லீனாவுக்கு அதைக் கண்டதும் பரீட்சை ஹாலில் பிட்டைக் கண்டதுபோல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிடுங்கி வாசல் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஓட்டுகிறவர் பூட்டில் இல்லை, பக்கத்துப் பூட்டில் இல்லை, பின்னால் இடது பக்கம் மட்டும் எதற்கு என்று அவளுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அல்சூர் ஏரிக் கரைக்கு வந்தபோது வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. இன்னும் இரவாகவில்லை, ஆனாலும் மரங்களுக்கடியில் இருட்டிவிட்டது. கூரைமேல் மழை, வைப்பர் இழுபடும் சத்தம், முன்னால் நின்ற பஸ்ஸின் சிவப்பு விளக்கு கண்ணாடியில் கரைந்து ஒழுகுவது, ஏரியின் பாசி வாடை, இத்தனைக்கும் நடுவே மெல்ல மெல்ல இன்னொரு வாசனையும் வந்து சேர்ந்தது: முகத்துக்குப் போடும் பவுடர், இஸ்திரி போட்ட பருத்தித் துணி, டீயில் நனைத்த பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசையின்போது பக்கத்தில் வந்து உட்காரும் வயதான பெண்களிடம் வரும் வாசனை. லீனா பவுடர் போடுவதில்லை.

டிங். டிங்.

இப்போது இடது பக்கம் பைகூட இல்லை.

கிளினிக் வாசலில் கார்க் கதவு கொஞ்ச நேரம் திறந்தே கிடந்ததே, எவனாவது உள்ளே பதுங்கியிருக்கிறானோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். செல்போன் வெளிச்சத்தைச் சீட்டுக்கடியில் அடித்தாள். ரப்பர் பாய், அதன்மேல் டாஃபியின் முடி, வேறொன்றுமில்லை. அடுத்த சந்தேகம் ஹெர்பர்ட் அங்கிள் மேல் போனது.

காரை விற்றவர் அவர்தான். ஆஸ்டின் டவுனில் தனியாக இருக்கும் ரயில்வே ரிட்டயர்டு. வண்டியைக் கண்ணாடியாகத் துடைத்து வைத்திருந்தார். சாவியைக் கையில் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாய் வளக்கிறியாம்மா?"

"இல்ல அங்கிள்" என்றது லீனாவின் வாய், அவளைக் கேட்காமலே. இந்த ஊரில் வாடகை வீடு தேடியவர்களுக்கு அது பழகிப்போன பொய். எந்த வீட்டுக்காரர் கேட்டாலும் இல்லை என்று சொல்லிக் குடியேறி, பிறகு கையைக் காலைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். கார் விற்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாள். "குட், குட்" என்று அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு இப்போது ஞாபகத்துக்கு வந்தது. பழைய காருக்கு அவ்வளவு பெரிய பெருமூச்சு தேவையில்லை.

நடுக் கண்ணாடியில் பார்த்தாள். டாஃபியின் தலை மெல்லத் தாழ்ந்தது. காதுகள் இரண்டும் பின்னால் படிந்தன. நிமிர்ந்தன. மறுபடியும் படிந்தன. தடவிக் கொடுக்கும்போது அது அப்படித்தான் செய்யும். ஆனால் இடது காதில் புண். டாக்டர் தொட்டதற்கே கடிக்கப் பாய்ந்த காது அது. இப்போது முனகக்கூட இல்லை.

லீனா ஹெர்பர்ட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே பயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

"ஹலோ?"

"அங்கிள், நான் லீனா. கார் வாங்கினேனே. உண்மைய சொல்லுங்க, இது ஆக்ஸிடென்ட் ஆன வண்டியா?"

"நோ, நோ. ஒரு கீறல்கூட இல்ல. ஏம்மா?"

"பின்னாடி லெஃப்ட் சீட்ல ஆளே இல்ல. பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு கத்துது."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது.

"அந்த க்ளிப்ப எடுத்துட்டியா?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"ஓகே. பயப்படாதம்மா." குரல் இறங்கியது. "என் மிஸஸ் டோரதி எப்பவும் அங்கதான் உக்காருவா, மடில நாய வெச்சுக்கிட்டு. அவ போனப்புறமும் அந்தச் சத்தம் நிக்கல. பூட்டுல க்ளிப் இருந்தா அவளால பெல்ட் மாட்ட முடியாது, அதான் போட்டேன். தனியா இருந்தா சும்மாதான் உக்காந்திருப்பா. உனக்குத்தான் நாய் இல்லையே."

பின்னால் டாஃபியின் கழுத்து மணி ஒருமுறை கிணுங்கியது.

"லீனா. அது என்ன மணி?"

"அங்கிள்..."

"இல்லன்னு சொன்னியேம்மா!" கிழவர் அழுதுவிடுவார்போல் இருந்தது. "எறக்கு. இப்பவே எறக்கு. அவ பெல்ட்ட மாட்டறதுக்கு முன்னால எறக்கிடு. எங்க நாய நான் எறக்கறதுக்குள்ள..."

முன்னால் பஸ் நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு ஆட்டோ, ஹார்னில் கையை வைத்தபடி. "ஹோக்ரீ மேடம், ஹோக்ரீ!" என்று கன்னடத்தில் போகச் சொல்லிக் கத்தல். லீனா நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். தன் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னால் கையை நீட்டினாள்.

பூட்டு அகப்பட்டது. சிவப்புப் பொத்தான். அழுத்தினாள்.

விடவில்லை.

வார் விறைத்து நின்றது. இடது பக்கமாக. டாஃபியின் நகங்கள் சீட் உறையைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். லீனா மறுபடி அழுத்தினாள். இழுபட்ட வாரில் பூட்டு திறக்காது. பிரேக்கில் எகிறிப் பறந்துவிடக் கூடாது என்றுதான் மாட்டினாள். இப்போது அது ஓடவேண்டும், ஓட முடியவில்லை. கட்டி வைத்தது அவள்தான். அவளேதான்.

"ஏசுவே, விடு. டாஃபி, வாடா. வாடா கண்ணா."

டிங். டிங்.

இடது ஜன்னலோரம் சர்ர்ர் என்று ஒரு சத்தம். பெல்ட்டை உருவும் சத்தம். நிதானமாக. நீளமாக.

க்ளிக்.

மணி நின்றது. திரையில் சிவப்பு மனிதன் பச்சையானான்.

லீனாவின் கை எதிலோ பட்டது. துணி. இஸ்திரி மடிப்புக் கலையாத, சில்லென்ற துணி. கையை இழுத்துக்கொண்டாள். ஆட்டோவின் விளக்கு பின்கண்ணாடி வழியாக உள்ளே விழுந்தது.

இடது பக்க சீட்டின் குறுக்கே பெல்ட் பூட்டியிருந்தது. அதற்குள் டாஃபி. சீட்டின்மேல் அல்ல. சீட்டுக்கு ஒரு சாண் உயரத்தில், காற்றில், ஒரு மடியில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. ஒடிந்து கூடிய முன்கால் தொங்கியது. தலையிலிருந்து வால் வரை முதுகு முடி மெல்லப் படிந்துகொண்டே போனது, மறுபடி தலையிலிருந்து. வால் ஆடவில்லை. கண் லீனாவை விட்டு அகலவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

பெல்ட் ஒரு பல் உள்ளே இழுத்துக்கொண்டு இறுகியது. டிக்.

இன்னும் ஒரு பல்.