அலமாரிக்குள் இருந்த மௌனம்

எல்லாச் சத்தங்களையும் அணைத்த பிறகும் ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏசியை நிறுத்திப் பார்த்தான். தன் மூச்சையே அடக்கிப் பார்த்தான். அது அடங்கவில்லை. வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மூக்கால் மட்டும், சின்னச் சின்னதாக இழுத்து விடுகிற மூச்சு. ஏதோ கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அலுவலகத்தில் அவனுக்குக் ‘காது’ என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் போர் விளையாட்டுக்கு ஒலி அமைப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மதியச் சாப்பாடு முடிந்ததும் இந்த ஒலிப்பதிவு அறைக்குள் வந்து கதவைச் சாத்தியிருந்தான். ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே இருப்பவன் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பான். வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலாளியே வந்தாலும் கதவைத் தட்டக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவனும் காதுதான்.

அவர்கள் விளையாட்டாக்கிக்கொண்டிருந்த போர் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் கல்யாண வீட்டில்கூடச் சட்டை கிழியும். செத்தவர்களின் சொந்தக்காரர்கள் அலுவலக வாசலில் வந்து நின்று, வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். முதலாளி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திரும்பினார். “நெஜம் மாதிரி இருந்தா பத்தாது. நெஜமாவே இருக்கணும்” என்றார்.

காது நிஜத்தையே கொண்டுவந்தான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டு, அது இல்லாவிட்டால் எந்த வீடும் அட்டைப்பெட்டியாகத்தான் இருக்கும் என்பது அவன் தொழில் ரகசியம். அந்தப் போரில் சிப்பாய்கள் வீடு வீடாகச் சோதனை போட்ட அன்று ஒரு பெண் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு கைப்பேசியில் பதிவுசெய்தது இணையத்தில் கிடைத்தது. அவள் கெஞ்சியதை வெட்டி எடுத்தான். அதன் பிறகு வந்த சத்தத்தையும் எடுத்தான். மிச்சமிருந்த மௌனத்தை விளையாட்டில் வரும் எல்லா வீடுகளுக்கும் அடியில் விரித்துவிட்டான். குரல்தான் அவளுடையது, மௌனம் யார் அப்பன் வீட்டுச் சொத்து? அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

“அண்ணே” என்றது ஹெட்போன். வெளியே ஹாலில் உட்கார்ந்து நாள் முழுக்க விளையாடிக் குறை கண்டுபிடிக்கிற பெண். எந்தக் கதவையும் திறக்காமல் விடக் கூடாது என்பது அவள் வேலையின் முதல் பாடம். “வீட்டுக்குள்ள வந்துட்டேன். பூட்ஸ் சத்தம் அருமையா இருக்கு.”

“பூட்ஸ் சத்தம் நான் இன்னும் வைக்கலையேம்மா.”

பூட்ஸ் மட்டும் கேட்டது. உடைந்த கண்ணாடியை மிதித்து, நின்று, மறுபடி நடந்து, அவசரமே இல்லாமல் வந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். அப்போதும் கேட்டது.

வெளிச் சத்தம் நுழையவே முடியாத அறை அது. விளக்கு அணைந்தது. எழுந்து கதவைத் தேடித் தடவினான். கையில் பஞ்சு படவில்லை. வழவழப்பான மரப்பலகை. கைப்பிடி இல்லை. தலைக்கு மேலிருந்து ஏதோ முகத்தில் உரசியது. தொங்குகிற சேலை. அந்துருண்டை வாசனை. பின்னால் நகர்ந்தான். முதுகிலும் பலகை. கால் நீட்ட இடமில்லை.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கீழே கிடந்த ஹெட்போனை மடியில் எடுத்துக்கொண்டான். எதிரே கம்ப்யூட்டர் திரை மட்டும் மங்கலாக எரிந்தது.

ஹெட்போனின் மைக்கைப் பிடித்தான். “கதவத் தெறக்காதம்மா. உள்ள நான் இருக்கேன். உன் கால்ல விழறேன். எனக்குக் கொழந்த இருக்கு.”

அவனுக்குக் குழந்தை இல்லை. அது அலமாரிக்குள் இருந்தவள் கெஞ்சியது. வெட்டும்போது திரும்பத் திரும்பக் கேட்டதில் மனப்பாடமாகியிருந்தது.

“அடேங்கப்பா” என்றாள் ஹாலில் இருந்தவள். “உங்க குரலாண்ணே? கேட்டா அழுகையே வருது. இதையே வெச்சிடுங்க.”

“நடிப்பு இல்லம்மா. சத்தியமா...”

திரையில் அவன் குரல் கோடுகளாக எழும்பியது. யாரும் தொடாமலே அந்தக் கோடுகளின் மேல் நீலம் படர்ந்தது. வெட்டப்போகும் இடத்தை அவன் குறிக்கிற மாதிரியே. சுத்தமாக. கோடு தட்டையானது. அவன் கத்தினான். வாய் திறந்தது. தொண்டை வலித்தது. சத்தம் வரவில்லை.

“ஏண்ணே குரல எடுத்துட்டீங்க?” ஹெட்போன் மடியிலிருந்து கேட்டது. “பரவால்ல. மூச்சு மட்டும் கேக்கறதும் நல்லாத்தான் இருக்கு. இங்க ஒரு அலமாரி இருக்கு. தெறந்து பாக்கறேன்.”

திரை அணைந்தது.

பூட்ஸ் நெருங்கியது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மூக்கால் மட்டும். சின்னச் சின்னதாக.

பூட்ஸ் நின்றது.

பலகைகளுக்கு நடுவே நூலாக ஒரு வெளிச்சம் அவன் முழங்காலில் விழுந்தது. அது மெல்ல அகலமாகிக்கொண்டே வந்தது.