காயாத ரேகை

அப்பா சூசையை அடக்கம் செய்து பதினேழு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. உயிலில் பதிந்த அவருடைய கைரேகை இன்னும் காயவில்லை.

மெர்லின் அந்த உயிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துப்பட்டாவுக்குள் அணைத்தபடி, கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையின் மாடிப்படியில் ஏறினாள். கீழே கரும்பு லாரிகள் மழையில் முனகிக்கொண்டு போயின. ஈரம் ஏறிய காகிதக் கட்டுகளின் வாடையும் இயந்திரத்தின் சூடும் படிகளில் கலந்து நின்றன. அவற்றுக்கு அடியில், பதினேழு நாளாக அவள் போகுமிடமெல்லாம் வரும் வாடை, புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை, இங்கேயும் வந்திருந்தது.

மாடியில் இருந்தவர் அவள் பார்க்கப்போகும் மூன்றாவது வக்கீல். தியாகதுருகத்து வக்கீல் ரேகையைத் தொட்டதும் விரலில் ஊதா மை ஒட்டியது. "நேத்து வச்ச ரேகைய எடுத்துக்கினு வரியாம்மா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று காகிதத்தில் ஒரு கட்டைவிரல்தான் இருந்தது. சின்னசேலத்தில் இன்னொருவரிடம் காட்டியபோது பக்கத்தில் ஆள்காட்டி விரலும் பதிந்திருந்தது.

உயில் செல்லாவிட்டால் வடக்கனந்தல் வீட்டில் பாதி அண்ணன் ஆல்பினுக்குப் போகும். அவன் விற்றுவிடுவான். அவளுக்குப் போக வேறு இடமில்லை.

குமாஸ்தா இருசப்பன் உறையைப் பிரித்தார். "இன்னாம்மா, மழைல நனைச்சிக்கினு வந்தியா? மேடம், இங்க பாருங்க, அஞ்சு விரலும் வச்சிக்கிறாரு. நம்மாளுங்க ஒண்ணு வைக்கவே யோசிப்பாங்க."

ஐந்து. காலையில் நான்குதான்.

வக்கீல் செந்தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. காகிதத்தை விளக்கடியில் பிடித்தார். விரல்கள் நேராகப் பதியவில்லை. எதையோ பற்றுவதுபோல் உள்ளே வளைந்திருந்தன.

"பொணத்து கையில வாங்குன ரேகைன்னு உங்க அண்ணன் கோர்ட்டு பூரா சொல்லிக்கினு திரியுறாரு. உங்கப்பாவுக்கு ராத்திரியே மூச்சு நின்னுடுச்சாம். காலைல அண்ணன் சவப்பெட்டி வாங்கப் போனப்ப நீ மட்டும்தான் ரூம்ல இருந்தியாம்."

மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதியில், மேசைக்குள்ளிருந்து, மரத்தை நகம் உரசும் சத்தம் வந்தது.

"எலி," என்று இருசப்பன் மேசையை உதைத்தார்.

நின்றது. மறுபடி உரசியது.

"கேஸ் எடுக்கணும்னா ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் வக்கீல். "ரேகை வைக்கிறப்ப உங்கப்பா உயிரோட இருந்தாரா, இல்லியா? இல்லன்னா உயிலு செல்லாது. வூடு போயிடும்."

உரசல். உள்ளிருந்து. மேல்நோக்கி.

காற்றில்லை. காகிதத்தின் ஓரங்கள் சுருண்டன. மெல்ல. மூடும் கை போல.

"சொல்லும்மா."

"இருந்தாரு மேடம்."

வக்கீல் பெருமூச்சு விட்டார். பேனாவை எடுத்தார். "அப்ப இன்னாத்துக்கு பயப்படுற? எத்தினி மணிக்கு வச்சாரு?"

"காலைல. பத்து மணிக்கு."

"எந்த நாளு?"

"அடக்கம் பண்ண அன்னிக்கு."

பேனா நின்றது. மேசையை உதைக்கத் தூக்கிய இருசப்பனின் கால் நின்றது. உரசல் நிற்கவில்லை.

"பதினோரு மணிக்கு அடக்கம் பண்ணீங்களேம்மா," என்றார் வக்கீல்.

மெர்லின் தன் இடது மணிக்கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"என் கைய புடிச்சாரு மேடம். கண்ண தொறந்து பாத்தாரு. விரல ஒவ்வொண்ணா பிரிச்சி வுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பெட்டிய மூடும்போதும் உயிரோடதான் இருந்தாரு."